வெளித்தையல்

டண்டினோங் ஸ்டேஷனுக்கு எதிரே
சாவி வெட்டுகிறவருக்கும் காசு அனுப்புகிற கடைக்கும் நடுவில்
எட்டடி அகலம்.
இரண்டு மெஷின், ஒரு ஸ்டீம் அயர்ன்,
உடுப்பு மாற்றத் திரை போட்ட மூலை, நான்.

செப்டம்பரில் பள்ளிக்கூட விருந்துகள் தொடங்கும்.
பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்
இணையத்தில் வாங்கிய நீளக் கவுன்களைத்
தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள்.
எல்லாம் ஆறடிப் பெண்களுக்குத் தைத்தவை.
ஆறடிப் பெண் ஒருத்தியும் இதுவரை வரவில்லை.

வாயில் குண்டூசியோடு முழங்காலில் நின்று சொல்வேன்:
சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நில்லும்மா,
குதியின் உயரம் தெரியாமல் வெட்டமாட்டேன்.
வெட்டிய துண்டு வேணுமோ?
வேணும் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.
நாலு அங்குலம், ஆறு அங்குலம்,
கரும்பச்சை, குங்குமச் சிவப்பு,
ஷாம்பெயின் என்று அவர்கள் சொல்லும் வெளிறின மஞ்சள்.
அரிசிப் பை ஒன்று நிறைந்தது.

சுகிர்தாவுக்கு ஐந்தாம் மாதம்.
பையை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
முதலில் தைத்தது கழுத்தில் கட்டும் பிப், சாட்டினில்.
அவள் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிக் காட்டினாள்.
உருண்டு என் மடியில் விழுந்தது.
"இது பால் குடிக்காது" என்றாள்,
"வழுக்கத்தான் தெரியும்."
இருபது வருசத் தையல்காரன் நான்!

பிறகு ஃபிளானல் வாங்கினேன்.
சாட்டின் விளிம்புக்கு மட்டும்.
ஏழு சட்டை, மூன்று தொப்பி,
தும்பிக்கை கொஞ்சம் கோணலான ஒரு யானை.
பிறந்த குழந்தையின் அளவு என்று
வெட்டுப் பேப்பரில் போட்டிருந்தது. நம்பினேன்.

மகள் பேப்பரைப் பார்க்கவில்லை.
முப்பதாம் கிழமையே வந்துவிட்டாள்.
ஒரு கிலோ முந்நூற்று இருபது.

கண்ணாடிப் பெட்டி. மூக்கில் குழாய்.
பாதத்தில் சிவப்பாய் ஒரு வெளிச்சம். நெஞ்சில் மூன்று வயர்.
பெயர்ச்சீட்டில்: சுகிர்தாவின் குழந்தை.
ஜெனட் சிஸ்டர் என் சட்டையை விரித்துப் பார்த்தாள்.
நல்ல வடிவு என்றாள்.
மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தாள்.
"இதற்குள் மூன்று பேர் படுக்கலாம்."

இன்ச் டேப்பை உள்ளே விடக்கூடாதாம்.
கழுவிய கையை ஓட்டையால் விட்டு அளந்தேன்.
தோளுக்குத் தோள் என் நடுவிரல்.
கழுத்துக்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையம்.
நெஞ்சளவு எடுக்கவில்லை.
அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
பார்த்துக்கொண்டு நின்றேன்.

சிஸ்டர் சொன்னவை:
தலையால் போடுவது ஆகாது, முன்பக்கம் முழுக்கத் திறக்கவேண்டும்.
வயருக்கு விலாவில் வழி.
எக்ஸ்ரே எடுப்பார்கள், இரும்புப் பட்டன் கூடாது.
தையல் தோலில் உரசக்கூடாது.

எத்தனை கவுன்களில் தையலை
உள்ளே ஒளித்துவைத்திருப்பேன்.
அன்றிரவு கடையில்
ஏழில் ஒன்றைப் பிரித்து, குறுக்கி,
எல்லாத் தையலையும் வெளியே எடுத்துவிட்டேன்.

விடியச் சட்டரில் தட்டு.
டேனிகா, ஊதாக் கவுன்காரி. விருந்து இன்றைக்கு.
மடிப்பு இன்னும் அடிக்கவில்லை.
மெஷினில் கிடந்ததைப் பார்த்தாள்:
"பொம்மைக்கா?"
என்ன சொன்னேன் என்று நினைவில்லை.
ஒன்பது மணிவரை
என் ஸ்டூலில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.
போகும்போது, வெட்டிய ஊதாத் துண்டைத்
தானே அரிசிப் பைக்குள் போட்டாள்.

பின்னேரம் சட்டை ஏறியது.
கை கொஞ்சம் நீளம்தான். மடித்துவிட்டோம்.
இரவு ஷிப்டுக்கு வந்த சிஸ்டர்
உள்பக்கம் வெளியே வந்துவிட்டது என்றாள்.
அப்படித்தான் என்றாள் சுகிர்தா,
நான் வாய் திறக்குமுன்.

அடுத்த பெட்டிக்கார அப்பா மஜோக்,
நிலைக்குக் குனிந்து வருகிறவர்,
கொரிடோரில் என்னை நிறுத்தினார்.
மகளின் தோள் இவ்வளவு என்று
தன் நடுவிரலை நீட்டிக் காட்டினார்.

இன்ச் டேப்பை எடுத்தேன்.
அவர் விரலை அளந்தேன்.