ஒட்டாத மாவு

மாதம் ஒருமுறை லாரி வரும்.
மூட்டைத் தையலில் எந்த நூலை இழுக்க வேண்டும் என்று
இந்த வரிசையில் எனக்குத்தான் தெரியும்;
ஒரே இழுப்பில் வாய் திறந்துவிடும்.
எந்த நாட்டு வயலோ, யார் அறுத்ததோ.
ஸ்மாரா முகாமில் எதுவும் முளைப்பதில்லை.
கோதுமை மட்டும் லாரியில் விளையும்.

ஹம்திக்கு அப்போது நான்கு வயது.
வயிறு முன்னே போகும்,
கால்கள் அதைத் தேடிக்கொண்டு பின்னால் வரும்.
முதுகெலும்பை எண்ணிவிடலாம். எண்ணியிருக்கிறேன்.
இரவில் மூன்று தடவை மணலுக்குத் தூக்கிப் போவேன்.
பசி என்றே நினைத்தேன்.
ரேஷனில் வாழும் ஒருத்தி வேறென்ன நினைப்பாள்?
என் பங்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்தேன்.
மாட்டேன் என்று முகம் திருப்பினான்.
மூக்கைப் பிடித்து ஊட்டினேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தண்ணீர் டாங்கியின் துரு என்றார்கள்.
கண்ணேறு என்று கஜ்மூலா
தோல் தாயத்து ஒன்று கட்டினாள்.
டிஸ்பென்சரியில் பூச்சி மருந்து, இரண்டு தடவை.
பிறகு ஸ்பெயினிலிருந்து வந்த டாக்டரம்மா
ரத்தம் எடுத்துப் போனாள்.
காகிதம் திரும்பி வர ஒரு வெயில்காலம் ஆனது.
சீலியாக்.
மொழிபெயர்த்த பையன் தடுமாறினான்.
"ரொட்டி இவனுக்கு ஆகாது" என்றான் கடைசியில்.
எவ்வளவு ஆகாது?
டாக்டரம்மா மேசையில் கிடந்த ஒரு துணுக்கை
விரல் நுனியில் ஒட்டி எடுத்துக் காட்டினாள்.
அவ்வளவு.

வீட்டில் இப்போது இரண்டு சல்லடை.
நீலத் துணி சுற்றிய கரண்டி அவனுடையது.
அவனுக்கென்று மக்காச்சோள மாவு வரும்,
வராமலும் இருக்கும்.
வராத மாதம் அரிசி, பருப்பு, ஆட்டுப்பால்,
மறுபடி அரிசி.
அந்த மாவில் ஒட்டு இல்லை.
பிசைந்த இடத்திலேயே விரியும்,
தட்டினால் ஓரம் உதிரும்.
ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் போ என்று
முதல் வாரம் அதனோடு சண்டை போட்டேன்.
பிறகு பிடிபட்டது:
வெந்நீர் ஊற்ற வேண்டும்,
புரட்டும்போது மூச்சை அடக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் ஒரே தாம்பாளம், பத்துக் கை,
பத்துக் கையிலும் கூஸ்கூஸ்.
ஹம்தி மூடி போட்ட டப்பாவோடு
கூடாரக் கயிற்றருகே உட்கார்ந்திருப்பான்.
பிள்ளைக்கு நம்மோடு கோபமா என்பார்கள்.
ஏழு வயதில் பொய் பழகினான்:
"வயிறு நிறைஞ்சிருக்கு மாமா."
கஜ்மூலாவுக்கு இரக்கம் தாங்கவில்லை,
ஒரு விள்ளல் கொடுத்துவிட்டாள், ரகசியமாக.
ரகசியம் விடியும்வரைகூட நிற்கவில்லை.
மூன்று இரவு.
அவளோடு மறுபடி பேச எனக்கு ரமலான் வர வேண்டியிருந்தது.

என் புருஷன் லாரூசிக்கு முப்பது வருடமாக வயிற்றுவலி.
பாலைவனத்து வயிறு என்பான்,
சண்டைக்காலத்து வயிறு என்பான்.
வீட்டாரையும் பார்க்கணும் என்று
இந்த வருடம் அவனிடமும் ரத்தம் எடுத்தார்கள்.
அதே சொல் வந்தது.
சிரித்தான். வெளியே போனான்.
தணலை விலக்கி, சூட்டு மணலுக்குள் ரொட்டி புதைத்து,
வெந்ததும் தட்டித் தட்டி
முழுதையும் தின்றான், யாருக்கும் பிட்டுத் தராமல்.
அன்றிரவு முனகினான்.
காலையில் ஹம்தி எதுவும் கேட்கவில்லை,
தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி
பாயில் இடம் விட்டான்.

சோள மாவு இருவருக்கு மட்டும் அளந்து வருகிறது.
இருவருக்கும் ஒரே தட்டு.
பெரிய துண்டுக்கு விரலால் இடித்துக்கொள்கிறார்கள்;
அப்பன்தான் ஏமாற்றுகிறான்.
நான் என் கோதுமை ரொட்டியோடு வெளியே போகிறேன்,
காற்று எங்கள் வாசலை விட்டு
அந்தப் பக்கம் வீசும் இடமாகப் பார்த்து.
தின்றுவிட்டு மெல்ஃபாவை உதறி,
அரைக் குவளைத் தண்ணீரில் கை கழுவி
உள்ளே வருகிறேன்.

"கையைக் காட்டும்மா" என்கிறான்.
நீட்டுகிறேன்.
ஒவ்வொரு விரலாகத் திருப்பி
நகக்கண் வரை பார்க்கிறான்.