பதினாலு புள்ளி நாலு

லஸ்கர் சவரிராஜ் கொண்டுவந்து வைத்த பேட்டரி
வயிறு உப்பிக் கிடந்தது.
மூடியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை,
கூழ்முட்டை வாடை முந்திக்கொண்டது.

எத்தனை நாளாகச் செருகியிருக்கிறது என்றேன்.
கழற்றியிருந்தால்தானே நாள் கணக்கு, என்றார்.
முள்ளியாற்று ரெகுலேட்டர் கொட்டகையில்
கரண்ட் போகும் நேரம் கரண்டுக்கே தெரியாது.
ஐப்பசி ராத்திரியில் தண்ணீர் ஏறினால்
அளவுகோலைப் பார்க்க சர்ச் லைட் எரிந்தாக வேண்டும்.

அவரைக் குறை சொல்லவில்லை.
நிறைந்துவிட்டேன் என்று பேட்டரியும் சொல்லத்தான் செய்தது,
வோல்ட் வோல்ட்டாக.
நூற்றைம்பது ரூபாய் சார்ஜருக்குக் காது கிடையாது.

திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட் பக்கம்
தையல்நாயகி எலக்ட்ரானிக்ஸ்.
போர்டில் இருப்பது சாமி பெயர் என்று நினைக்கிறார்கள்,
என் பெயர்.
ஒரு ஜீனர், ஒரு கம்பேரேட்டர், ஒரு ரிலே,
கடுகுத் தலைத் திருகோடு ஒரு பிரிசெட்,
இவ்வளவுதான் நான் செய்து தரும் காது.

புதுப் பேட்டரியை மாட்டினேன்.
பதினாலு புள்ளி ஒன்று. மூன்று. நாலு.
டிக்.
வெட்டிவிட்டது. பெருமையாக அவரைப் பார்த்தேன்.
டிக்.
சேர்ந்துகொண்டது.
டிக். டிக். டிக்டிக்டிக்
ட்யூப் லைட் பின்னாலிருந்து பல்லி பதில் சொல்ல ஆரம்பித்தது.

வெட்டியதும் வோல்ட் கொஞ்சம் இறங்கும்.
அதைப் பார்த்து ரிலேக்கு மனசு இளகும்.
சேரும், ஏறும், வெட்டும், இளகும்.
விடிவதற்குள் முனை கருகிவிடும்.

டீ கிளாசைக் கீழே வைக்காமலே லஸ்கர் சொன்னார்:
"புதுசா ஒரு ஏ.இ. வந்தாரு.
ஒரு விரக்கடை ஏறுனா ஷட்டரத் தூக்கு,
ஒரு விரக்கடை எறங்குனா எறக்குன்னு.
ஒரே ராத்திரி, பதினோரு தடவை.
திருகுல மரை போச்சு.
தண்ணி எங்கயும் போவல,
நாந்தான் போயிப் போயி வந்தேன்."

பழுப்பு கறுப்பு மஞ்சள்:
நூறு கே ரெசிஸ்டர் ஒன்றை
வெளிவாசலிலிருந்து உள்வாசலுக்குத் திருப்பிப் பற்றவைத்தேன்.
இனி வெட்டுவது பதினாலு புள்ளி நாலில்,
மறுபடி சேர்வது பன்னிரண்டு புள்ளி எட்டில்.
நடுவே உள்ள ஒன்றரைச் சொச்சம் வோல்ட்டில்
யார் கெஞ்சினாலும் அசையாது.
பாடப்புத்தகத்தில் இதற்கு வாயில் நுழையாத பெயர்.
என் நோட்டில் "வீம்பு" என்று எழுதிவைத்திருக்கிறேன்.

டிக்.
பிறகு மழைச் சத்தம் மட்டும்.
முந்நூற்றி அறுபது கொடுத்தார்,
உப்பிய பேட்டரியை இங்கேயே விட்டுப் போனார்.

ஷட்டரை இழுக்கும் நேரம் அண்ணன் கூப்பிட்டான்.
மனைக்கட்டுப் பங்குதான், வேறென்ன.
இந்த மாதம் ஆறு தடவை கத்திவிட்டு வைத்திருக்கிறேன்,
ஆறு தடவையும் அரைமணிக்குள் நானே கூப்பிட்டிருக்கிறேன்,
சாப்பிட்டியா என்று.

மேஜைமேல் போன் அதிர்கிறது,
திருகாணி ஒன்று அதோடு நகர்ந்து நகர்ந்து
விளிம்புக்குப் போகிறது.
எனக்குப் பன்னிரண்டு புள்ளி எட்டு எங்கே இருக்கிறது என்று
இதுவரை அளந்ததில்லை.