முதுகு டீச்சர்

சொல்வதெழுதுதலில் பத்துக்கு நான்கு.
மயில் என்றேன், பயில் என்று எழுதியிருந்தாள்.
மாலைக்குப் பாலை.
மலருக்குப் பலர். மணத்துக்குப் பணம்.
இரண்டாம் ஆண்டு, கடைசி வரிசை, துர்கவர்ணா.
சிவப்பு மையில் வட்டம் போட்டு
ஓரத்தில் 'கவனம் தேவை' என்று எழுதினேன்.
யாருக்கு என்று எழுதவில்லை.

அன்றிரவு பல் துலக்கும்போது
கண்ணாடி முன் குரலை அணைத்துவிட்டு
மயில் என்றேன்.
பயில் என்றேன்.
இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறந்தது.
படம், மடம். பாடு, மாடு.
குழாய் ஓடிக்கொண்டிருந்தது,
நுரை தாடையில் வழிந்தது.
அவள் பார்த்ததைத்தான் எழுதியிருந்தாள்,
இரண்டில் ஒன்றை ஊகித்து.
ஊகத்துக்குப் பத்துக்கு நான்கு
பெரிய மதிப்பெண்.

மேசைகளை லாடம்போல் வளைத்துப் போட்டோம்.
ஜன்னலுக்கு முன்னால் நிற்பதை விட்டேன்,
வெளிச்சம் பின்னால் இருந்தால்
என் முகம் அவளுக்கு வெறும் நிழல்.
லவனேஸின் அப்பா பழைய டென்னிஸ் பந்துகளை வெட்டி
நாற்காலிக் கால்களுக்கு மாட்டிவிட்டுப் போனார்.
காதில் மிஷின் இருக்கிறதே, கேட்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.
கேட்கிறது:
மின்விசிறி, நாற்காலி, கெந்தீன் தட்டுகள்,
தகரத்தில் மழை, எல்லாம் ஒரே உயரத்தில்.
நடுவில் எங்கோ நான்.

தலைமையாசிரியர் கேட்டார்:
"தீவின் அந்தப் பக்கம் இவர்களுக்கென்றே பள்ளி இருக்கிறதே?"
அவள் அம்மா இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தாள்,
தொழிற்சாலையின் நீலச் சட்டையைக்கூட மாற்றாமல்.
"இருக்கு சார். அங்கே தமிழ் இல்லையே.
வீட்டுல நாங்க சண்டை போடுறது இவளுக்கு எதுல புரியும்?"
தலைமையாசிரியர் சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார்.

ஞாயிறு காலை நான் கைமொழி வகுப்புக்குப் போனேன்.
சொல்லித்தந்த திரு ஊய்க்கும் காது கேட்காது,
தமிழும் தெரியாது.
தண்ணீர் கேட்கப் போய் நான் வேறெதையோ கேட்டேன்,
கண்ணில் நீர் வர அவர் சிரித்தார்.
மலாய் எழுத்துகளுக்கெல்லாம் அவரிடம் விரல் இருந்தது.
தாளில் ழ எழுதிக் காட்டினேன்.
சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார்.

திங்களன்று வகுப்பிடம் கேட்டேன்.
லவனேஸ் சுட்டுவிரலை நாக்குபோல மடக்கினான்.
துர்கவர்ணா எழுந்து வந்து
அந்த விரலைப் பிடித்து இன்னும் பின்னால் வளைத்தாள்.
அது இப்போது எங்கள் ழ.
அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேருக்கு ழகரம் வந்துவிட்டது.
மற்றவர்கள் இன்னும் வாளைப்பளம்தான் தின்கிறார்கள்.

எனக்கு ஒரு கைப்பெயர் இருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.
தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோய்
இரண்டு தட்டு.
லவனேஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான்: முதுகு.
பள்ளி திறந்த நாளிலிருந்து
நான் பலகையைப் பார்த்தே பேசினேனாம்.
இப்போது திரும்புவதில்லையே, மாற்றக்கூடாதா என்று
அரைகுறை விரல்களால் அவளிடமே கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
தலையை ஆட்டிவிட்டாள்: பெயர் பெயர்தான்.

எங்கள் கூரைக்கு மேலேதான்
பாயான் லெப்பாசுக்கு விமானங்கள் இறங்கும்.
சட்டங்கள் அதிரும், நான் வாயை மூடிக்கொள்வேன்,
பாடம் பாதி வாக்கியத்தில் நிற்கும்.
முன்பெல்லாம் அந்த நேரத்தில்
பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள்.
இன்று இருபத்திரண்டு ஜோடிக் கைகள் மேலே வந்தன.
நடுவில் நின்று அவள் ஏதோ நீளமாகச் சொல்கிறாள்,
வகுப்பு மேசையில் விழுந்து சிரிக்கிறது.
என் கண்ணுக்கு அவ்வளவு வேகம் இன்னும் வரவில்லை.
நான் பிடித்தது ஒரே ஒரு சொல்.
முதுகு.