கிடங்கு இரண்டைக் காலி செய்த இரவு

செக்காலைச் சாலை மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஏ.சி. இரைச்சலுக்கு மேலே பேசினால்தான் கேட்கும்;
பேச ஆளில்லை.
மணி ஒன்று பத்து.
கிடங்கு இரண்டின் மேல் சொடுக்கி
பராமரிப்பு நிலை என்றேன்.
உறுதியா, என்று கேட்டது.
கண்ட்ரோலர் பேட்டரி உப்பிக்கொண்டு வருகிறது,
மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில்
புதியதோடு செபஸ்தியான் வருகிறார்,
இதையெல்லாம் அதனிடம் சொல்ல இடமில்லை.
ஆம் என்பதற்கு மட்டும் ஒரு பொத்தான்.

பதினான்கு எந்திரங்கள் அங்கே குடியிருந்தன,
உடம்பில்லாத எந்திரங்கள்.
மருந்துக்கடை முதலில் கிளம்பிற்று.
பிறகு பில்லிங். பிறகு வருகைப் பதிவு.
ஆய்வுக்கூடம் பாதி வழியில் இருக்கும்போது
கீழே யாருக்கோ சர்க்கரை அளவு அச்சாகிக்கொண்டிருந்தது:
நூற்று நாற்பத்திரண்டு.
எண் மேலே எழுதப்பட எழுதப்பட
அடியிலிருந்த தரை வேறிடம் போய்க்கொண்டிருந்தது.
தூங்குகிற பிள்ளையைப் பாயோடு இழுப்பதுபோல.
பிள்ளை புரளவில்லை.

எண்பத்தாறு சதவீதத்தில் நின்றது.

முதலில் நெட்வொர்க்கைத் திட்டினேன்.
பிறகு என்னை.
பிறகு பிளாஸ்க்கில் இருந்த ஆறின டீயை.

இந்தப் பக்கத்துக்கு இது புதிதில்லை.
கோட்டையூரில் பதினொரு பங்காளிக்கு ஒரு வீடு;
மேல்தளம் ஒழுகுகிறது, கொத்தனார் தயார்,
பத்து அறை திறந்தாயிற்று.
பதினொன்றாம் பூட்டின் சாவி ஈப்போவில்.
எஸ்டிமேட் போட்ட என் அப்பா
மூன்று மழை பார்த்தார்.

பட்டியலைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.
கேன்டீன் டோக்கன்.
அதன் குறுந்தட்டு வாயில்
நாலு வருஷம் முன்பு நாச்சியப்பன் செருகிய நிறுவல் தட்டு,
இன்னும் எடுக்கப்படாமல்.
தட்டும் கிடையாது, வாயும் கிடையாது,
இரண்டும் வெறும் பெயர்.
ஆனாலும் பிடி பிடிதான்.

நாச்சியப்பன் இப்போது தோஹாவில். கூப்பிட்டேன்.
"அது இன்னுமா இருக்கு?"
பழைய கைமாற்றை நினைவுபடுத்தியதுபோல் குரல்.
"எடுத்துரு உமையா. அன்னைக்கே எடுத்திருக்கணும்."
பின்னால் யாரோ சீட்டுக் கலைக்கும் சத்தம்.

எடுத்தேன்.
தொண்ணூற்றொன்று. நூறு.
பதினெட்டு டெராபைட் வெறுமை.
நான் அறிந்தவரை இந்த வட்டாரத்தில்
யாரும் பங்கு கேட்காத இடம்
அன்றைக்கு அது ஒன்றுதான்.

பஸ் திருப்பத்தூரில் டயர் மாற்றியதாம்.
ஐந்தே காலுக்கு வந்தார் செபஸ்தியான்,
வழி நெடுக மடியில் வைத்திருந்தேன் என்றார் பேட்டரியை.
இருபது நிமிட வேலை.

நிலையிலிருந்து வெளியேற்றினேன். விளக்கு பச்சை.
ஒன்றும் திரும்பி வரவில்லை.
வராது.
போ என்றால் மொத்தமாய்ப் போகும்;
திரும்ப அழைப்பது ஒவ்வொன்றாய்,
பேர் சொல்லி.

மருந்துக்கடை இருக்கட்டும், பில்லிங் இருக்கட்டும்.
ஆறரைக்கு முதல் ஈடு இட்லி.
கேன்டீன் டோக்கனைக் கூப்பிட்டேன்.