எழுபது கிலோ

அணையின் உள்பக்கம், மணலில்
இரண்டு படகுகள் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்துக் கிடந்தன.
ஒன்று பதினான்கு அடி. மற்றது பதினாறு.
இரண்டடிதானே என்றேன்.
ஃப்ளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றிக்கொண்டே
மரினுஸ் சொன்னார்:
"திரைச்சீலைக்குத் துணி எடுக்கும்போது இரண்டடி இரண்டடிதான்.
தண்ணீரில் அது ஒரு ஆள்."

சின்னதற்கு ஒரே பாய்.
சுக்கானில் ஒரு கை, கயிற்றில் ஒரு கை.
மூன்றாவது கை கேட்காது.
பெரியதற்கு முன்பாய் உண்டு, இடுப்பு வார் உண்டு,
விளிம்புக்கு வெளியே தொங்க இன்னோர் உடல் வேண்டும்,
"இப்போ!" என்றால்
"ம்" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.

வீட்டில் அந்த வாய்க்குப் பதினைந்து வயது.
இந்தக் கோடையில் வருவாயா ஃபென்னா என்று
காலையில்தான் கேட்டிருந்தேன்.
தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது:
"பார்க்கலாம்."
பார்க்கலாம் என்பது எத்தனை அடி?

கவிழ்ந்தால் பெரியதை நிமிர்த்த
எழுபது கிலோவாவது வேண்டுமாம்.
நான் ஐம்பத்தெட்டு.
ஈர உடுப்போடு அறுபத்தொன்று.
ரொட்டியில் பாலாடைக்கட்டி இரண்டு துண்டு கூட வைத்தாலும்
கணக்கு நிறையாது.
ரூத்கரை அன்றுதான் முதன்முதலாகக் கிலோவில் நினைத்தேன்:
தொண்ணூற்றிரண்டு.
மிடில்பர்க்கில். வேறொரு வீட்டில்.

"கவிழ்த்துப் பார்க்கட்டுமா?"
மே மாதம். தண்ணீர் பதின்மூன்று டிகிரி.
மரினுஸ் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"எலும்பு உன்னுடையது" என்றார்.

பாயை இழுத்துப் பிடித்தேன்,
விட வேண்டிய நேரத்தில் விடவில்லை.
அவ்வளவுதான், கடல் செங்குத்தாகிவிட்டது.
மேலே ஓர் ஓடம், கீழே ஓர் ஓடம்,
நடுவில் வலைத்தளம் சுவராக நின்றது.
கீழோடத்தில் ஏறிக் கயிற்றைப் பிடித்துப்
பின்னால் சாய்ந்தேன், முதுகில் தண்ணீர் படும்வரை.
பாய்மரம் படுத்தே கிடந்தது
ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை மாதிரி.
பையில் தண்ணீர் மொண்டு தோளில் மாட்டினேன்.
மரத்தின் நுனி ஒரு சாண் எழுந்தது,
யோசித்தது,
திரும்பப் படுத்தது.
இருபது நிமிடம் இப்படி. விரல்கள் யாருடையவோ.
பிறகு மேற்கே எங்கிருந்தோ கிளம்பிய ஒரு காற்று
பாயின் அடியில் புகுந்து
என்னைக் கேட்காமலே தூக்கி நிறுத்தியது.

கரைக்கு வந்தபோது பல் கிட்டிக்கொண்டது.
"இது கணக்கில் சேருமா?"
"காற்று என் விளம்பரத்தில் இல்லையே" என்றார்,
மீதிக் காப்பியை நீட்டி.

சின்னதை வாங்கினேன்.
நான் நனைந்ததற்காக நூறு யூரோ குறைத்தார்.
குறுக்குச் சட்டங்களைக் கழற்றிப் பார்த்தோம், சரியாகவே இருந்தன.
கழற்றியதும் இரண்டு ஓடங்களும்
தனித்தனியே ஒருக்களித்து உருண்டன.
கட்டினால்தான் கட்டுமரம்.
அந்தச் சொல்லை அதற்கு மேல்
இழுக்க எனக்கு விருப்பமில்லை. திருகாணிகளை முறுக்கினேன்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை,
படகைத் தண்ணீருக்குள் தள்ளும்போது
பின்னால் சைக்கிள் விழும் சத்தம்.
அப்பாவின் பழைய மிதவை அங்கி, முழங்கால் வரை.
"நகரு" என்றாள்.

பதினான்கடியில் இருவர்.
பின்பக்கம் அமிழ்ந்தது. மடியில் ஏரி.
சுக்கானுக்குப் பின்னே தண்ணீர் கொதித்தது,
முன்னே எதுவும் நடக்கவில்லை.
ஏழு வயதுப் பயல் ஒருவன்
தன் தொட்டிப் படகில் எங்களைத் தாண்டினான்,
கையசைக்கவும் அவனுக்கு நேரமிருந்தது.

"பெரிசா வாங்கியிருக்கலாம்ல?"
வாய்க்குள் போன முடியைத் துப்பியபடி கேட்டாள்.
"பார்க்கலாம்" என்றேன்.
சுக்கானை அவள் கையில் கொடுத்துவிட்டு
முன்னால் தவழ்ந்து போனேன்,
பின்பக்கம் கொஞ்சம் எழட்டுமென்று.

எழவில்லை.