மல்லாக்க

பதினாலாம் நம்பர் சாவிக்கு
முதல் நட்டு அசையேல்லை.
மண்ணெண்ணெய் விட்டு, ஒரு பகல் பொறுத்து,
காலால ஒரு உதை.
கிரிக் எண்டது.
அவ்வளவுதான்.
கோண்டாவிலுக்கும் கட்டுநாயக்காவுக்கும்
பதினொரு வருஷம் ஓடின வானில
முதல் சீற் கழண்டு விழுந்தது.

கீழ, ஒரு குழந்தையின்ர இடக்கால் சப்பாத்து.
ரொறன்ரோவுக்கு ஆரோ கொண்டுபோக மறந்த
மிளகாய்த்தூள் பை, வெடிச்சபடி.
ரெண்டு நாள் தும்மினன்.

சுகிர்தமலர் தையல் நாடாவோட வந்தாள்.
சட்டைக்கு அளக்கிற மாதிரித்தான் வானையும் அளந்தாள்:
தோள், இடுப்பு, இறக்கம்.
"ஆறடி வராது. அஞ்சடி எட்டு.
உங்கட கால் வெளியில நிக்கும்."
"மூலைக்கு மூலை படுப்பன்."
"அப்ப நான்?"
அதுக்கு விடை தேடினதில
மூண்டு பிளைவுட் பலகை பழுதாப்போச்சு.

குலவீரசிங்கம் மதிலால எட்டிப் பார்த்தார்.
"ஹயர் விட்டாச்சோ?"
"விட்டாச்சு. இனி கொம்பனி லொறி.
ஞாயிறு எனக்கு."
"வீட்டை வைச்சுக்கொண்டு ஏன் காணும் வானுக்க படுக்கிறீர்?
நாங்கள் ட்ரக்டர் பெட்டிக்க படுத்தது
வேற வழியில்லாமல்."
நான் ஒண்டும் சொல்லேல்லை.
வாய் நிறைய ஆணி.

சொல்லியிருந்தா இதைத்தான் சொல்லியிருப்பன்:
இந்த வானுக்க நான் எத்தினை இரவு நித்திரை கொண்டனான்!
விமானநிலையத்துக் கார் பார்க்,
விடிய மூண்டு மணி,
ஸ்ரியறிங்கில நெத்தி,
ஆரும் கண்ணாடியில தட்டும்வரை.
ஒரு நாளும் மல்லாக்க இல்லை.

புதுப் பஞ்சுக்குக் காசு காணாது.
பதிமூண்டு சீற்றின்ர ரெக்சினையும் உரிச்சு
மஞ்சள் பஞ்சை வெட்டி, பசை பூசி
ஒரே மெத்தையாக்கினம்.
கழட்டாமல் விட்டது டிரைவர் சீற் மட்டும்.
ஜன்னல் கரைப் பஞ்செல்லாம்
ஒரு பக்கமாத்தான் தேய்ஞ்சிருந்தது.
ஏறின ஆக்கள் முறிகண்டி தாண்டும்வரை
வெளியிலதான் பாத்துக்கொண்டு இருப்பினம்.
கச்சான் கோது, சத்தி, கண்ணீர்,
எல்லாத்தையும் ரெண்டு கிழமை வெயிலில காயவைச்சம்.

கூரையில நூறு வாற் சோலார்.
எவ்வளவு சிலிக்கோன் பூசியும் ஒரு மூலை ஒழுகும்.
அந்த மூலை எனக்கு எண்டு தீர்ப்பு.
கல்யாணச் சட்டைகள் தைச்சு மிஞ்சின உள்துணியில திரை:
ஏழு நிறம், ஒண்டுக்கொண்டு கோபம்.

மணற்காட்டில முதல் இரவு.
சவுக்குக்குக் கீழ நிப்பாட்டிப் பின்கதவைத் திறந்தா
மணல் மேடு, அங்கால இருட்டு,
இருட்டுக்குள்ள எங்கையோ கடல்.
நூடில்ஸ் அவிச்சம். உப்பைக் காணேல்லை.
இவ்வளவு கடலை வைச்சுக்கொண்டு
உப்புக்குச் சண்டை பிடிச்சம்.

பதினொரு மணிக்குக் கண்ணாடியில ரோச் வெளிச்சம்.
ரெண்டு ஆமிப் பெடியள்.
நெஞ்சு தன்ர பழைய கணக்கில அடிச்சுது.
ஒருத்தன் தலையை உள்ளுக்க விட்டு
திரையைப் பாத்தான், மெத்தையைப் பாத்தான்,
விசிறியில கனநேரம் நிண்டான்.
"மேக கீயத?"
ரோட்டில படிச்ச சிங்களத்தில விலை சொன்னன்.
"கூட" எண்ட மாதிரி முகத்தைச் சுழிச்சான்.
போயிற்றாங்கள்.
மலர் கதவை ரெண்டு தரம் பூட்டிப் பார்த்தாள்.
பிறகு ஒருக்கா.

படுத்தன். மூலைக்கு மூலை. மல்லாக்க.
முதுகுக்குக் கீழ பதிமூண்டு சீற்.
கால் நீட்ட இடமிருந்தது,
கண்தான் மூடேல்லை.
விடிய மூண்டு மணிக்கு உடம்பு தானா எழும்பிச்சுது,
ஆரோ பிளேன் ஏறவேணும் எண்ட மாதிரி.
மெல்ல முன்னுக்குப் போய்
டிரைவர் சீற்றில இருந்தன்.
ஸ்ரியறிங்கில நெத்தி பட்டதுதான் தெரியும்.

ஆரோ கண்ணாடியில தட்டிச்சினம்.
வெளியில மலர், கையில தேத்தண்ணி,
தலை முழுக்க மணல்.
"நல்ல நித்திரையப்பா.
கை கால் எறிஞ்சு படுத்தன்.
அடுத்த ஞாயிறு எங்க?"