இரண்டு பெயர்

கார்டில் எஸ்தர் பாய்.
தோட்டத்தில் பொடிச்சி என்றால்தான் தெரியும்.
கணக்கப்பிள்ளை ஒருமுறை
எஸ்தருக்கு ஒரு கூலி, பொடிச்சிக்கு ஒரு கூலி எழுதி
இரண்டையும் என்னிடமே தந்துவிட்டார்.
திருப்பிக் கொடுக்க நாலு நாள் யோசித்தேன்.

மாத்திரை விஷயத்தில்
அவ்வளவுகூட யோசிக்கவில்லை.
குலசேகரத்து ஆஸ்பத்திரியில் தந்தது வெள்ளை, நீளம்.
கால் எரிகிறதென்று மார்த்தாண்டத்தில் காட்டியபோது
எழுதித் தந்தது பச்சை, உருண்டை.
வேறே மருந்து உண்டுமா என்று அந்த டாக்டர் கேட்டார்.
பஸ் போய்விடும் அவசரத்தில்
இல்லையென்று தலையாட்டினேன்.
பச்சை விலை கூடியது, அதனால் நல்லது.
வெள்ளை ஓசி, அதனால் எறிய மனசில்லை.
இரண்டையும் அட்டையிலிருந்து பிதுக்கி
ஒரே பவுடர் டப்பாவில் போட்டேன்.
விடிகாலை மூன்று மணிக்கு, வெறும் வயிற்றில்,
வகைக்கொன்று.

நூற்று நாற்பதாவது மரம்.
தலைவிளக்கு வட்டத்துக்குள்
பட்டை இரண்டாகத் தெரிந்தது.
கார்த்திகைக் குளிரில் முதுகு முழுக்க வியர்வை.
கை தந்தியடித்தது.
இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக
கத்தி பட்டை கடந்து தடியில் இறங்கியது.
ஐயோ மரம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வரிசையிலிருந்து குளோறிஸ்டன் ஓடிவந்தான்.
"எக்கா, நாக்கு குழறுது ஒங்களுக்கு. முழுங்க முடியுமா?"
முடியும் என்றேன்.
கட்டஞ்சாயாவில், கையிலிருந்த சீனியை ஒக்கெ கலக்கி
பையப் பையக் குடிக்க வைத்தான்.
அவன் தங்கச்சிக்கும் இப்படிச் சீனி தாழுமாம்.
கால்மணி நேரம் கழித்து
மரங்கள் ஒவ்வொன்றாய்
அதனதன் இடத்துக்குத் திரும்பி வந்தன.

மருந்துக்கடை பெனிலா டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள்.
"இதுக்கு ஊரும் இல்ல பேரும் இல்ல. அட்டை எங்க மைனி?"
குப்பையைக் கிளறி எடுத்துக்கொண்டு போனேன்.
பெரிய எழுத்து, கம்பெனி இட்ட பேர்.
அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் மருந்தின் பேர்.
இரண்டு அட்டையிலும் ஒரே எறும்பு வரிசை.
"ஒரே ஆளு மைனி, ரெண்டு சட்டை."
எதை விடட்டும் என்றேன்.
"அதை நான் சொல்லப்பிடாது.
ரெண்டு அட்டையும் எடுத்துட்டு இப்பவே டாக்டருட்ட போங்க."

பால் உறைய ஆசிட் அளந்துதான் ஊற்றுவேன்.
ஊற்றினேனா என்று சந்தேகம் வந்தால்
இன்னொரு மூடி ஊற்றமாட்டேன்,
விரலால் தொட்டுப் பார்த்து நிற்பேன்.
பாலுக்குக் காட்டிய மரியாதையை
ரத்தத்துக்குக் காட்டவில்லை.

இப்போது ஒரு மாத்திரைதான், கஞ்சி குடித்தபின்.
அது அட்டையோடு இருக்கிறது.
கத்திப் பையில் நாலு சீனிமிட்டாய்,
பிள்ளைகள் கண்ணில் படாமல்.
லீலாபாய் வந்து கேட்டாள்:
"அந்தப் பச்சை மிச்சம் கிடக்காமே,
ரெண்டு தா பிள்ளே, எனக்கும் காலெரிச்சல்."
தரவில்லை.
மூன்று நாளாய் அவள் முகம் பார்ப்பதில்லை.

நூற்று நாற்பதாவது மரத்தில்
நான் போட்ட காயம் புடைத்து மூடிவருகிறது.
அந்த இடத்தில் இனி சீராக வெட்ட வராது.
விடியுமுன் தினமும் கத்தி அங்கே வந்து
ஒரு நொடி நின்று
கொஞ்சம் சுற்றிப் போகிறது.